கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்றிவிட்டேன், ஓடிபியும் இருக்கிறது, ஆனாலும் என் மெயிலுக்குள் இன்னொருவர் இருக்கிறார். உதவுங்கள்

வரைபலகை:

வணக்கம். நான்கைந்து நாளாகத் தூக்கமே இல்லை, எழுதுவது கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே புத்தக அட்டை, லோகோ வடிவமைத்துக் கொடுக்கிறேன். வேலை முழுக்க ஒரே மெயில் கணக்கில்தான். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் ஃபோன் செய்து, "பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாக எழுதியிருந்தீர்களே, பழைய கணக்குக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நான் அப்படி எதுவுமே எழுதவில்லை. அந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். என் முகவரியிலிருந்துதான் போயிருக்கிறது, கடைசியில் நான் எப்போதும் போடும் பெயர், ஃபோன் எண் எல்லாம் அப்படியே, நாங்கள் அட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே மெயிலுக்குப் பதிலாக. என் 'அனுப்பியவை'யில் அது இல்லை. அவர் ஃபோன் செய்து கேட்டதால் பணம் தப்பியது.

அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பு முன்பே இருந்தது, எஸ்எம்எஸ்ஸில் வருவது இல்லை, ஃபோனில் 30 விநாடிக்கு ஒரு முறை மாறுகிற 6 இலக்க எண். ஆன்டிவைரஸில் முழு ஸ்கேன் ஓட்டினேன், ஒன்றும் இல்லை என்றது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து அதே வாடிக்கையாளர், "இரண்டு மெயில் போட்டேனே, ஏன் பதில் இல்லை?" என்கிறார். எனக்கு ஒன்றுமே வரவில்லை. கடவுச்சொல்லை மறுபடி மாற்றினேன். இன்று காலை, திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடித்த எழுத்தில் இருந்த ஒரு புது மெயில் மெல்லிய எழுத்தாக மாறியது. நான் மவுஸைத் தொடவே இல்லை.

அந்த 6 எண் இல்லாமல் எப்படி உள்ளே வர முடியும்? என் ஃபோனைத்தான் ஹேக் செய்துவிட்டார்களா?

சுவர்க்கோழி:

முதலில் ஒரு வேலை. உங்களுக்குப் பணம் தர வேண்டிய எல்லாரையும் இப்போதே ஃபோனில் கூப்பிட்டு, கணக்கு எண் மாறவில்லை, மெயிலில் யார் என்ன கேட்டாலும் நம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெயிலில் சொல்லாதீர்கள், உள்ளே புகுந்தவரும் அதைப் படிப்பார்.

அப்புறம் சில கேள்விகள். இரண்டு முறையும் கடவுச்சொல்லை எந்தக் கருவியிலிருந்து மாற்றினீர்கள்? கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உள்நுழைந்துள்ள கருவிகள்' என்ற பட்டியல் இருக்கும், அதில் என்னென்ன இருக்கின்றன? மெயில் அமைப்புகளில் 'வடிகட்டி' அல்லது 'விதிகள்' என்ற இடத்தில் ஏதாவது இருக்கிறதா? கடைசியாக, இந்தத் தொல்லை ஆரம்பிப்பதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில் லேப்டாப்பில் புதிதாக எதையாவது இறக்கினீர்களா?

வரைபலகை:

எல்லாருக்கும் ஃபோன் செய்துவிட்டேன். இன்னொருவருக்கும் அதே மாதிரி மெயில் போயிருக்கிறது, நல்ல வேளை அவர் இன்னும் திறக்கவில்லை.

இரண்டு முறையும் லேப்டாப்பிலிருந்துதான் மாற்றினேன். கருவிகள் பட்டியலில் என் ஃபோன், அப்புறம் 'விண்டோஸ், குரோம்' என்று இரண்டு வரி. இரண்டும் என் லேப்டாப்தான், ஏதோ இரண்டு தடவை காட்டுகிறது என்று விட்டுவிட்டேன்.

வடிகட்டியில் ஒன்று இருக்கிறது! நான் போட்டதில்லை. அந்த வாடிக்கையாளரின் முகவரியிலிருந்து வருவதையெல்லாம் படித்ததாகக் குறித்துக் காப்பகத்துக்கு அனுப்பு என்று இருக்கிறது. காப்பகத்தில் அவருடைய மெயில்கள் வரிசையாகக் கிடக்கின்றன. கை நடுங்குகிறது.

எதையும் இறக்கவில்லை. எழுத்துரு தேடி ஒரு தளத்துக்குப் போனேன், அவ்வளவுதான்.

மூன்றாம்பிறை:

அந்த வடிகட்டியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். காலையில் எழுத்து மெலிந்தது அந்த வடிகட்டியால்தானோ என்று கூடத் தோன்றும், ஆனால் அப்படியென்றால் மெயில் இன்பாக்ஸிலேயே நின்றிருக்காது. யாரோ திறந்துதான் படித்திருக்கிறார்கள்.

அந்த இரண்டாவது 'விண்டோஸ், குரோம்' உங்களுடையது இல்லை என்றே நினைக்கிறேன். உங்கள் ஃபோனில் கோளாறு இருப்பதாகவும் தெரியவில்லை. நடந்தது என்னவென்றால், நீங்கள் கடவுச்சொல்லும் 6 எண்ணும் கொடுத்து ஒரு முறை உள்ளே போன பிறகு, அந்தத் தளம் உங்கள் பிரவுசரிடம் குக்கி என்று ஒரு நீண்ட எழுத்துக்கோவையைக் கொடுத்து வைக்கிறது. அடுத்த முறை பக்கத்தைத் திறக்கும்போது பிரவுசர் அதைக் காட்டும், தளம் "சரி, இவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்" என்று விட்டுவிடும். அதனால்தான் தினமும் உங்களிடம் ஓடிபி கேட்பதில்லை. அந்தக் கோவை உங்கள் கணினியில் ஒரு கோப்பாகத்தான் இருக்கிறது. அதை எடுத்து இன்னொரு கணினியின் பிரவுசரில் வைத்தால் அங்கேயும் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். உங்கள் ஓடிபியை யாரும் உடைக்கவில்லை, அதைக் கேட்கும் கட்டமே அவர்களுக்கு வரவில்லை.

இது பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனலையே இப்படிப் பிடித்தார்கள், அந்தக் குழுவில் ஒருவர் விளம்பர ஒப்பந்தம் என்று வந்த கோப்பை பிடிஎஃப் என்று நம்பித் திறந்ததுதான் காரணம். தொழில்நுட்பத்தையே முழுநேரமாகப் பேசுகிறவர்கள் அவர்கள். அதனால் நீங்கள் உங்களைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

சுவர்க்கோழி:

அந்த எழுத்துருத் தளம். அங்கே 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு பெட்டி வந்ததா? டிக் செய்த பிறகு கீபோர்டில் ஏதாவது பட்டன்களை அழுத்தச் சொன்னதா? நன்றாக யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, லேப்டாப்பில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். 'ரன்' என்ற சின்னப் பெட்டி வரும். அதில் கீழ் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு அதில் போட்டவை தெரியும். எதையும் ஓட்டாதீர்கள், என்டர் தட்டாதீர்கள், பார்த்து மட்டும் சொல்லுங்கள்.

வரைபலகை:

ஆமாம். ஆமாம், வந்தது. விண்டோஸ் பட்டனும் ஆரும், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று மூன்று படி படம் போட்டுக் காட்டியது. ஏதோ புது மாதிரி சோதனை என்று நினைத்துச் செய்தேன். ஒரு கறுப்புத் திரை கண் இமைக்கும் நேரம் வந்து போனது.

ரன் பெட்டியில் ஒரு வரி இருக்கிறது. பார்க்கும்போது 'நான் ரோபோ அல்ல' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் ஒரு எண்ணும்தான் தெரிந்தது. கர்சரை இடதுபக்கம் நகர்த்திக்கொண்டே போனால் முன்னால் பவர்ஷெல் (விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் நிரலாம்) என்று தொடங்கி ஒரு நீளமான முகவரி. அன்று இது என் கண்ணில் படவே இல்லை.

மூன்றாம்பிறை:

அதுதான். படவும் படாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நீங்கள் டிக் செய்த நொடியில் அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில், அதாவது கன்ட்ரோல் வி அழுத்தினால் ஒட்டுவதற்காகக் காப்பி செய்தது தங்கும் இடத்தில், வைத்துவிட்டது. ரன் பெட்டி குறுகலானது, கட்டளையின் வால்பகுதிதான் தெரியும், அதனால் அந்த வாலில் ரோபோ வாக்கியத்தை ஒட்டிவைக்கிறார்கள். உங்கள் கையாலேயே ஓட்டவைப்பதால் பிரவுசர் தரும் 'ஆபத்தான கோப்பு' என்ற எச்சரிக்கையும் வராது. இதற்குக் கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர், 2024 முதல் நிறையப் பார்க்கிறோம்.

அது இறக்குவது பெரும்பாலும் லும்மா மாதிரி ஒரு தகவல் திருடி. சில நிமிடங்களில் பிரவுசரில் உள்ள குக்கிகள், சேமித்த கடவுச்சொற்கள், தானாக நிரம்பும் விவரங்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிடும். 2025 மே மாதம் லும்மாவின் சர்வர்களை முடக்கியபோது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு, இரண்டே மாதத்தில் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்தது.

பழைய_மதர்போர்டு:

எனக்கென்னவோ இவ்வளவு பயப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. வேறு ஒரு ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் செய்து, சுத்தம் என்று வந்தால் பிரவுசர் குக்கிகளை அழித்துவிட்டால் போதாதா? அவருக்கு வேலை இருக்கிறது, விண்டோஸை அழித்துப் போடச் சொன்னால் இரண்டு நாள் போய்விடும்.

சுவர்க்கோழி:

இல்லை ஐயா, இந்த விஷயத்தில் அது போதாது. இரண்டு காரணம். இந்த வகை நிரல்களில் பல, வேலை முடிந்ததும் தடயம் இல்லாமல் போய்விடும், அதனால் ஸ்கேன் சுத்தம் என்று வந்ததற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. அவர் ஏற்கெனவே ஸ்கேன் செய்திருக்கிறார், பார்த்தோம். அதோடு, சில சமயம் பின்னால் இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போகும். அவர் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் ஆள் உள்ளே இருக்கிறார் என்றால், ஒன்று பழைய குக்கியை அந்தச் சேவை ரத்து செய்யவில்லை, அல்லது அதே லேப்டாப்பிலிருந்து புதுக் குக்கியும் போய்விட்டது. எது என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, அதனால் இரண்டையும் அடைக்க வேண்டும்.

தன் கணினியில் குக்கியை அழிப்பதும் பயன்படாது. அது இவரிடம் உள்ள பிரதியைத்தான் அழிக்கும். சர்வர் அதைச் செல்லாததாக்கினால்தான் திருடியவரிடம் உள்ள பிரதியும் சாகும். அதற்கு 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று' என்பதை அழுத்த வேண்டும்.

வரைபலகை, வரிசை முக்கியம். லேப்டாப்பைத் தொடாதீர்கள், எல்லாவற்றையும் ஃபோனிலிருந்து செய்யுங்கள். முதலில் கடவுச்சொல்லை மாற்றி, உடனே எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். பிறகு மீட்பு மெயிலும் ஃபோன் எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள், அதை மாற்றி வைத்திருந்தால் நாளைக்கே கணக்கைப் பறித்துவிடுவார்கள். தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பு, ஓடிபி கேட்காமல் மெயில் செயலிகளை உள்ளே விடும் 'ஆப் கடவுச்சொற்கள்', மெயிலைப் படிக்க அனுமதி பெற்ற வெளிச் செயலிகள் என்று மூன்று இடம் உண்டு. இதில் ஏதாவது ஒன்று தப்பினாலும் கடவுச்சொல்லே இல்லாமல் மெயில் போய்க்கொண்டிருக்கும். ஓடிபி செயலியின் இணைப்பையும் புதிதாகப் போட்டு, அவசரக் குறியீடுகளைப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வங்கி, பிறகு குரோமில் சேமித்திருந்த அத்தனை தளங்களும். ஒன்றுகூடப் பாக்கி வேண்டாம், அத்தனையும் போய்விட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

வரைபலகை:

செய்துவிட்டேன். ஆப் கடவுச்சொற்களில் ஒன்று இருந்தது, வெறும் 'மெயில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தேதி, நான் இரண்டாவது முறை கடவுச்சொல் மாற்றியதற்கு மறுநாள். அழித்துவிட்டேன். இப்போது கருவிப் பட்டியலில் என் ஃபோன் மட்டும்தான்.

ஒரு சந்தேகம். பாஸ்கீ போட்டிருந்தால் இது நடந்திருக்காதா? குரோமில் இதற்குப் பாதுகாப்பே இல்லையா?

மூன்றாம்பிறை:

பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவியின் கைரேகையோ பூட்டோ கொண்டு நுழைவது, நல்லது, கட்டாயம் போடுங்கள், போலி லாகின் பக்கங்களில் ஏமாறாமல் காக்கும். ஆனால் உள்ளே போன பிறகு கிடைக்கும் குக்கி திருட்டுப் போவதை அது தடுக்காது. குரோம் 2024 ஜூலையில் 127ஆம் பதிப்பில், விண்டோஸில் குக்கிகளைக் குரோமைத் தவிர வேறு நிரல் எளிதில் திறக்க முடியாதபடி ஒரு பூட்டுப் போட்டது, சில மாதத்துக்குள்ளேயே திருடி நிரல்களை எழுதுகிறவர்கள் அதைச் சுற்றி வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கணினியில் உள்ள பாதுகாப்புச் சிப்போடு குக்கியைக் கட்டிவைக்கும் ஒரு முறையையும் கூகுள் 2024 ஏப்ரலில் அறிவித்தது. அது எல்லாத் தளங்களுக்கும் வந்தால் திருடிய குக்கி வேறு கணினியில் சீக்கிரமே செத்துவிடும். அது வரும்வரை, முக்கியமான கணக்குகளில் வேலை முடிந்ததும் வெளியேறிவிடுங்கள், சிரமம்தான், ஆனால் வெளியேறினால் பெரும்பாலும் அந்தக் குக்கியைச் சர்வரே ரத்து செய்துவிடும்.

வரைபலகை:

தாமதத்துக்கு மன்னிக்கவும். வடிவமைப்புக் கோப்புகளை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, நிரல்கள் எதையும் எடுக்காமல், அக்காவின் கணினியில் விண்டோஸ் பென்டிரைவ் தயாரித்து லேப்டாப்பை முழுக்க அழித்துப் போட்டுவிட்டேன். ஒன்றரை நாள் ஆனது. 41 தளங்களின் கடவுச்சொற்களை மாற்றியிருக்கிறேன், இன்னும் ஆறு பாக்கி, அதில் இரண்டு தளங்களில் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று' எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வாடிக்கையாளர் நேற்று அனுப்பிய மெயில் இன்பாக்ஸிலேயே தடித்த எழுத்தில் வந்து நின்றது. நான் திறக்கும்வரை அப்படியே இருந்தது.

சுவர்க்கோழி:

நல்லது. அந்த இரண்டு தளங்களுக்கும் உதவிப் பிரிவில் எழுதி, 'என் கணக்கில் திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் ரத்து செய்யுங்கள்' என்று கேளுங்கள். அந்தப் போலி மெயிலில் இருந்த வங்கிக் கணக்கு எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டோடு சைபர் குற்றப் பிரிவில் கொடுங்கள், அந்தக் கணக்கை முடக்கினால் அடுத்து அதே மெயில் கிடைக்கப்போகிறவரின் பணமாவது தப்பும்.