பழைய குட்டி கேம்பிங் டிரெய்லர் வாங்கப் போகிறேன்: எதைத் தட்டிப் பார்ப்பது?

ராவாங்_முகில் கேட்கிறார்:

வணக்கம். ராவாங் பக்கம் ஒரு டியர்டிராப் (நீர்த்துளி வடிவ) டிரெய்லர் விலைக்கு வந்திருக்கிறது. 2018 தயாரிப்பு, ஒற்றை அச்சு, 13 அங்குலச் சக்கரம், பிரேக் கிடையாது. தகட்டில் வெற்று எடை 480 கிலோ, மொத்த எடை 750 கிலோ. பின்பக்கம் சமையல் மேடை, அதற்கு அடியில் 50 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி, கூரையில் 100 வாட் சோலார். இரண்டு வருடமாக வெயிலிலும் மழையிலும் வெளியே நின்றிருக்கிறது. டயரில் 1118 என்று எண் இருக்கிறது, பூ (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) தேயவே இல்லை.

இழுக்கப் போவது டபுள் கேப் ஹைலக்ஸ். அம்மாவோடு மூன்று பேர். பினாங்கின் பாலிக் புலாவ், கேமரன் மலை மாதிரி இடங்களுக்கு இரண்டு இரவுப் பயணங்கள்.

வாங்கும் முன் எதைச் சோதிப்பது? இந்த பேட்டரியில் 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இரண்டு இரவு தாங்குமா? உள்ளே அம்மாவின் இன்சுலின் இருக்கும், அதனால் இதில் தவறு நடக்கக்கூடாது. வண்டி வீட்டில் நிற்கும் மாதங்களில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது?

பிறை_அச்சாணி:

தம்பி, முதலில் காகிதம். முன்பணம் கொடுப்பதற்கு முன் சட்டகத்து எண்ணையும் எடைத் தகட்டையும் படம் எடுத்துக்கொண்டு போய் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) முகப்பில் காட்டுங்கள். இழுத்துப் போகும்போது காப்புறுதி செல்லுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். இது இரண்டும் சரியாக வந்தால்தான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

டயரை மாற்றியே ஆக வேண்டும். 1118 என்றால் 2018-ஆம் ஆண்டின் 11-வது வாரம். பூ இருந்து பயனில்லை. நின்ற இடத்திலேயே ஒரே பக்கம் எடை தாங்கி, வெயிலில் ரப்பர் உள்ளுக்குள் காய்ந்திருக்கும். டிரெய்லர் டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான், தேய்ந்து அல்ல. புதிதாக வாங்கும்போது சுமை எண்ணைப் பாருங்கள்: இரண்டு டயரும் சேர்ந்து 750 கிலோவைத் தாராளமாகத் தாங்க வேண்டும். மாற்றுச் சக்கரமும் ஒன்று கட்டாயம், ஹைலக்ஸ் சக்கரம் இதில் ஏறாது. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

அடுத்து பேரிங், சக்கரத்தை அச்சில் சுழல விடும் உருளைத் தொகுதி. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் தளர்வு. சுற்றிவிட்டால் மணல் அரைக்கிற மாதிரி சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. சத்தம் இல்லாவிட்டாலும் இரண்டு வருடம் நின்ற வண்டிக்கு கிரீஸ் மாற்றாமல் நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. மூடியைத் தட்டி எடுத்து, காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் பின்), நட்டு, வாஷர், வெளிப் பேரிங், ஹப் (சக்கரக் குடம்), பின்பக்க சீல், உள் பேரிங் என்று வரிசையாகக் கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். உருளையில் நீல நிறமோ குழியோ தெரிந்தால் பேரிங்கையும் அதன் வெளிவளையத்தையும் ஜோடியாக மாற்றுங்கள். பேரிங்கின் எண் வளையத்திலேயே வெட்டியிருக்கும். இரண்டாம் எண் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸை பேரிங்கின் அகலமான பக்கத்திலிருந்து அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கி வர வேண்டும். பழைய கிரீஸோடு புதியதைக் கலக்காதீர்கள், ஒத்துவராத இரண்டு வகை சேர்ந்தால் தண்ணீராக இளகி ஓடிவிடும். சீல் எப்போதும் புதியது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கிப் புதுப் பின்னைப் போடுங்கள். ஸ்பேனரால் இறுக்கி விட்டால் ஈப்போ போவதற்குள் பேரிங் வெந்துவிடும்.

முதல் பயணத்தில் 30 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஓடிச் சூடேறிய ஹப்பைத் திடீர் வெள்ளத்தில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்படி ஒரு தடவை இறங்கிவிட்டால் கிரீஸை மாற்றுங்கள், கணக்கு நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கப்ளரையும் பாருங்கள், காரின் டோ பந்தைக் கவ்விப் பூட்டும் முனை அது. மலிவாக இறக்குமதி ஆனவற்றில் 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் கலந்து கிடக்கிறது. 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். அந்தப் பந்தை 50 மில்லிமீட்டர் கப்ளரில் போட்டால் பூட்டு முழுதாக விழாது. மாற்றிப் போட்டால் உள்ளே ஆடும். பந்தின் தலையிலும் கப்ளரிலும் அளவு பொறித்திருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறை_அச்சாணி:

மூக்கு எடையைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வண்டியில் தொட்டி பின்னால் இருக்கிறது. கப்ளர் பந்தின் மேல் எவ்வளவு எடை அமர்கிறதோ அதுதான் மூக்கு எடை. மொத்த எடையில் 10 சதவீதத்தை ஒட்டி வையுங்கள்: ஏற்றிய வண்டி 700 கிலோ என்றால் சுமார் 70 கிலோ. 50-க்குக் கீழே போனால் லோரி கடக்கும்போது வால் ஆடத் தொடங்கும்.

அளக்க வீட்டு எடைத் தராசு போதும். சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தராசின் மேல், டோ பந்தின் உயரத்துக்கு ஒரு மரத்துண்டை நிறுத்தி அதன் மேல் கப்ளரை இறக்கி, ஜாக்கி சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். ஹைலக்ஸ் உயரமான வண்டி. மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் இறக்கம் உள்ள டோ பார் போட்டுச் சட்டத்தை மட்டமாக்கிய பிறகே அளக்க வேண்டும்.

தொட்டி அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னாலும், கப்ளர் அச்சுக்கு 2.8 மீட்டர் முன்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் நிரப்பினால் 50 × 1.2 ÷ 2.8, அதாவது 21 கிலோ மூக்கிலிருந்து கழிந்துவிடும். 70 இருந்தது 49 ஆகிவிடும்! தொட்டியைக் காலியாக ஓட்டிப் போய் முகாமில் நிரப்புங்கள். கூடாரம், கருவிப் பெட்டி போன்ற கனமானவை அச்சுக்குச் சற்று முன்னால். பின் கதவுக்குப் பக்கத்தில் ரொட்டியும் துணியும் போதும்.

வால் ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். முடுக்கியிலிருந்து காலை எடுத்து நேராகப் பிடியுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லர், காரின் வேகம் சட்டென்று குறையும்போது பின்னாலிருந்து தள்ளும், அதுதான் மடக்கிப் போடுகிறது. மொத்த எடையை ஒரு தடவையாவது பழைய இரும்புக் கடை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

கிள்ளான்_தச்சர்:

எனக்கு இதில் மிக முக்கியம் ஒழுகல். நம் மழையில் ஒரு திருகு ஓட்டை இரண்டு வருடத்தில் ஒரு பலகையை மாவாக்கிவிடும், வெளியே அலுமினியம் பளபளவென்று இருக்கும்.

கூரைக் காற்றோட்ட மூடியைச் சுற்றி, ஜன்னலின் கீழ் மூலைகள், பின் கதவுக் கீல், தரையும் சுவரும் சேரும் இடம். இங்கெல்லாம் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிளைவுட் அமுங்கினாலோ தட்டும்போது மந்தமான சத்தம் வந்தாலோ உள்ளே உளுத்திருக்கிறது. மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் முகர்ந்து பாருங்கள். கதவைத் திறந்ததும் வாசனைத் திரவிய நெடி மூக்கில் அடித்தால் இன்னும் கவனமாகத் தேடுங்கள்.

விற்பவர் ஒப்புக்கொண்டால் தண்ணீர்க் குழாயால் சோதனை செய்யலாம். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் சுவரின் கீழ்ப்பகுதிக்கு 10 நிமிடம், பிறகு ஜன்னல், கடைசியில் கூரை. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இணைப்பிலும் வழிந்து, எது நுழைவாய் என்றே தெரியாமல் போகும். உள்ளே ஒருவர் டார்ச்சும் டிஷ்யூவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு மூலையையும் ஒற்றிப் பார்க்க வேண்டும்.

பழைய இணைப்பின் மேல் மறுபடி சிலிக்கோன் பூசுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. சிலிக்கோன் மேல் புது சிலிக்கோன் சரியாக ஒட்டாது, அடுத்த மழைக்கு உரிந்துவிடும். மூடியைக் கழற்றி, பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (அமுங்கிக் கொடுக்கும் ஒட்டு நாடா) வைத்துத் திருகுங்கள், டேப் சுற்றிலும் பிதுங்க வேண்டும். மறுநாள் திருகுகளை இன்னொரு கால் சுற்று இறுக்கி, பிதுங்கியதை வெட்டி, ஓரத்தில் சிக்காஃப்ளெக்ஸ் 221 போன்ற பாலியூரித்தேன் பசை இழையுங்கள். பிடிப்பு இழந்த திருகு ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, எப்பாக்ஸி நிரப்பி, இறுகிய பிறகு புதிதாகத் துளையிடுங்கள்.

தரைப் பலகை இரண்டு இடத்துக்கு மேல் அமுங்கினால் இந்த வண்டியை விட்டுவிடுங்கள். சுவரைப் பிரித்தால் சேதம் வெளியே தெரிந்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

12வோல்ட்_ஷாலினி:

முகில், கணக்கு போட்டுப் பார்ப்போம். நம் வெப்பத்தில் அந்த அளவு ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும், பாதி நேரம் ஓடும்: ஒரு நாளுக்கு 540 வாட்-அவர். விசிறி 135, விளக்கும் கைப்பேசியும் 75. ஆக 750. உங்கள் ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் கெடும், ஆகவே மொத்தம் 1200-ல் கையில் இருப்பது 600. ஒரு நாள்கூட வராது. 100 வாட் சோலார் நல்ல வெயிலில் 280 கொடுக்கும். மரநிழலில் அதுவும் கிடையாது.

100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுங்கள். 1280-ல் 1100 பயன்படும். வெள்ளி மாலை 4 மணி முதல் ஞாயிறு காலை 10 வரை 42 மணி நேரம், தேவை சுமார் 1310. மீதி 210-ஐ வெயில் படும் இடத்துக்கு இழுத்து வைக்கும் 100 வாட் மடக்குச் சோலார் பலகை ஒன்று தந்துவிடும். பழைய சார்ஜரில் சல்பேட் நீக்கும் நிலை இருந்தால் லித்தியத்துக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

முகாமுக்கு பேட்டரி நிறைந்து போக வேண்டும். அதற்கு, ஓடும் காரின் மின்சாரத்தில் டிரெய்லர் பேட்டரியை ஏற்றும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர்: கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 4 மணி நேர ஓட்டத்தில் 1000 வாட்-அவர் ஏறும். கார் பேட்டரியிலிருந்து டிரெய்லர் வரை 7 மீட்டர், போக வர 14. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.9 வோல்ட் விழும், 10-ல் 0.5 தான். 10 போடுங்கள், கார் பேட்டரி முனைக்கு ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ், இணைப்புக்கு 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக். விளக்குக்கான ஏழு முள் இணைப்பின் மெல்லிய கம்பியில் இதை ஏற்றக்கூடாது.

இன்சுலினுக்கு: திறக்காதவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது. ஒருமுறை உறைந்ததை உருக வைத்தாலும் பயன்படுத்த முடியாது. சிறு ஃபிரிட்ஜில் குளிர்த்தகடு சுவருக்குள் இருப்பதால் சுவரை ஒட்டிய பொருள் உறையும். மருந்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், மேல் கூடையின் நடுவில் வையுங்கள். அளவை 5-ல் வைத்து, குறைந்தபட்ச அதிகபட்ச வெப்பத்தை நினைவில் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள். முதல் நாளே வீட்டு மின்சாரத்தில் குளிர வைத்துவிடுங்கள்.

பேட்டரி பாதி இருக்கும்போதே நள்ளிரவில் ஃபிரிட்ஜ் நின்றுவிடுவது எல்லாருக்கும் வரும் சிக்கல். காரணம் சிகரெட் லைட்டர் பிளக்கின் தளர்வும் மெல்லிய கம்பியும்: மோட்டார் தொடங்கும் கணத்தில் வோல்ட் விழுந்து, ஃபிரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக இழுத்து, ஃபிரிட்ஜின் பேட்டரி காப்பு நிலையைக் குறைந்ததில் வையுங்கள்.

ராவாங்_முகில்:

அச்சாணி அண்ணே, தச்சர் அண்ணே, ஷாலினி அக்கா, மிக்க நன்றி. கணக்கோடு சொன்னதால் விற்பவரிடம் என்ன பேசுவது என்று தெளிவாகிவிட்டது. நிற்கும் மாதங்களுக்கு ஈரம் உறிஞ்சும் டப்பா ஆறு வாங்கி உள்ளே வைத்தால் போதுமா? தார்ப்பாய் போட்டு மூடலாமா?

கிள்ளான்_தச்சர்:

தார்ப்பாயை உடம்போடு ஒட்டிப் போடாதீர்கள். அடியில் வியர்த்து, பசை இணைப்பெல்லாம் ஊறும். கூரைக்கு மேல் ஓர் அடியாவது இடைவெளி விட்டுப் பந்தல் போடுங்கள். மெத்தையைச் செங்குத்தாக நிறுத்தி, பெட்டிக் கதவுகளைத் திறந்து வைத்து, காற்றோட்ட மூடியை எப்போதும் திறந்தே விடுங்கள்.

12வோல்ட்_ஷாலினி:

மூடியை எப்போதும் திறந்து வைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, அண்ணே. இரவில் இங்கே வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருக்கிறது. அதை உள்ளே விட்டால் குளிர்ந்த சுவரில்தான் படியும். காலை 11 முதல் 3 வரை வெயில் நேரத்தில் ஈரப்பதம் இறங்கும். அப்போது மட்டும் டைமரில் சிறு விசிறியை ஓட்டி, மற்ற நேரம் மூடி வைப்பது நல்லது. மூடிய வண்டியில்தான் அந்த டப்பாவும் வேலை செய்யும். திறந்த வண்டியில் வைத்தால் சில நாளிலேயே நிறைந்துவிடும்.

கிள்ளான்_தச்சர்:

விசிறி இருந்தால் நீங்கள் சொல்வதே சரி, தங்கச்சி. விசிறி இல்லாமல் முழுக்க மூடி வைத்தால் பூஞ்சை உறுதி, அதை நினைத்துத்தான் சொன்னேன்.

பாலிக்புலாவ்_வழி:

சாலை பற்றி. பாலிக் புலாவுக்குப் பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலம் எடுங்கள். பத்து மாவுங்கில் இறங்கி, தெலுக் கும்பார் வழியாகப் போனால் ஜார்ஜ்டவுன் நெரிசலில் டிரெய்லரோடு மாட்ட வேண்டியதில்லை. பாலம் 24 கிலோமீட்டர், நடுக்கடலில் பக்கக்காற்று பலமாக அடிக்கும், மெதுவாகப் போங்கள். பாலிக் புலாவிலிருந்து தெலுக் பஹாங் போகும் மலைச்சாலை குறுகலும் வளைவுமாக இருக்கும். வளைவில் டிரெய்லர் சக்கரம் காரைவிட உள்பக்கமாக வெட்டும், அதற்கு இடம் விட்டுத் திரும்புங்கள்.

கேமரனுக்குத் தாப்பா வழி கிட்டத்தில் தெரியும், ஆனால் இழுத்துப் போக சிம்பாங் பூலாய் வழிதான் அகலம். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இந்த டிரெய்லரில் பிரேக் இல்லை, முழுச் சுமையும் ஹைலக்ஸ் பிரேக்கில்தான் விழும். கருகல் வாசம் வந்தால் ஒதுங்கி 20 நிமிடம் ஆற விடுங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியை முதல் பயணத்துக்கு முன் கழுவ, 50 லிட்டருக்கு 50 மில்லி வாசனையில்லாத 5 சதவீத பிளீச் ஊற்றி நிரப்பி, குழாயைத் திறந்து வாடை வரும்வரை ஓட்டுங்கள். 4 மணி நேரம் விட்டுக் கொட்டி, வாடை போகும்வரை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடற்கரை முகாமிலிருந்து திரும்பினால் அன்றைக்கே சட்டகத்து அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.