போலியோ வந்த அம்மாவைச் சக்கர நாற்காலிக்கு வற்புறுத்தலாமா?

மதுரை மகள்:
அம்மாவுக்கு 57 வயது. இரண்டு வயதில் போலியோ. வலது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டுக்கொண்டே படித்தார், கல்யாணம் செய்தார், என்னையும் தம்பியையும் வளர்த்தார். இரண்டு வருடமாக நல்ல காலும் தளர்கிறது. போன மாதம் குளியலறையில் விழுந்துவிட்டார். சக்கர நாற்காலி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நாங்களே வாங்கி வந்துவிடலாமா?

செல்வம்:
வேண்டாம் சகோதரி. ஒருமுறை உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க மாட்டார். என் அப்பா பக்கவாதம் வந்தபின் தினமும் நடந்துதான் தேறினார். உங்கள் பயத்துக்காக அவரை முடக்காதீர்கள்.

காவிரிக்கரை:
செல்வம் அண்ணா, பக்கவாதமும் இதுவும் ஒன்றல்ல. எனக்கும் போலியோதான், 1971இல் பிறந்தவன். போலியோவில் செத்துப்போன நரம்பணுக்களின் வேலையையும் மிஞ்சியவை சேர்த்துப் பார்க்கின்றன. பல வருடம் இப்படி உழைத்து அவையும் களைத்துவிடுகின்றன. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்பார்கள். விரட்டி நடக்க வைத்தால் இருக்கிற பலமும் போகும். நான் மூன்று வருடம் அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன். இந்தியாவில் வைல்ட் போலியோ, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ, கடைசியாக வந்தது 2011 ஜனவரியில். இளம் மருத்துவர்கள் பலர் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். உடல் இயக்கக் குறைபாடுகளைப் பார்க்கும் மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டுங்கள்.

செல்வம்:
நரம்பு விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மாவே வேண்டாம் என்கிறாரே! வாழ்நாள் முழுக்கத் தன் காலில் நின்றவரிடம் பிள்ளைகள் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்துவது நியாயமா?

காவிரிக்கரை:
அந்த 'வேண்டாம்' எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நடந்தால்தான் பள்ளியில் சேர்ப்பார்கள், நடந்தால்தான் வரன் வரும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள் எங்களை. என் அம்மா தினமும் கிணற்றடிவரை நடக்க வைப்பார், நான் விழுந்தால் அவர்தான் அழுவார். அவர் கண்ணெதிரே உட்கார எனக்கு மனம் வரவில்லை. அவர் போனபின்தான் நாற்காலி வாங்கினேன்.

செல்வம்:
அப்படியே இருக்கட்டும். அந்த மனத்தடையை அவர்தான் தாண்ட வேண்டும். பிள்ளைகள் தள்ளிவிடக் கூடாது.

மதுரை மகள்:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிணற்றடி வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார். பாட்டியும் அப்படித்தானாம். ராத்திரி அவராகவே சொன்னார்: "மீனாட்சி கோயில் பிராகாரம் சுத்தி நாலு வருஷம் ஆச்சு. அங்க போறதுக்கு மட்டும்னா வாங்கு. வீட்டுக்குள்ள வேண்டாம்."

காவிரிக்கரை:
மடக்கக்கூடியதாகப் பாருங்கள். அம்மாவைக் கடைக்கே கூட்டிப்போய், உட்காரவைத்து அகலம் பார்த்து வாங்குங்கள். நிறம் அவர் சொல்வதுதான்.