வளவின் மேலிருந்த ஃபைபர் தகட்டில் தீ இவ்வளவு விரைவாக ஏறியது ஏன்?

இரண்டாங்கட்டு ஆச்சி, கானாடுகாத்தான்

வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டு வளவுக்கு (திறந்த உள்முற்றத்துக்கு) மேல், மழைச் சாரலுக்கும் குரங்குக்கும் தடுப்பாக, பல ஆண்டுகளுக்கு முன்பே இரும்புச் சட்டம் அடித்து நெளிவுள்ள ஃபைபர் தகடுகளைப் போட்டிருக்கிறோம். அண்மையில் வீட்டில் நடந்த சாந்திச் சடங்குக்காக அங்கேயே கேஸ் அடுப்பு வைத்துப் பலகாரம் சுட்டபோது, எண்ணெய்ச் சட்டியில் பற்றிய தீ தகட்டின் தாழ்ந்த விளிம்பைத் தொட்டுவிட்டது. சமையல்காரர் உடனே சட்டியை மூடி அடுப்பையும் நிறுத்திவிட்டார். ஆனாலும் தகடு தானாகவே எரிந்து, சரிவின் மேட்டுப்பக்கமாகக் கரும்புகையுடன் ஏறியது. மாடியிலிருந்த பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள்.

விற்றவர், இது கண்ணாடி இழை, எரியாது என்று சொல்லி, வி-0 என்று அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்திருந்தார். மிஞ்சிய துண்டு ஒன்றைத் தரையில் படுக்கவைத்து விளிம்பில் தீ வைத்துப் பார்த்தால், தீ மிக மெதுவாக நகர்ந்து சில இடங்களில் நின்றும் போகிறது. அதே தகடு மேலே இருந்தபோது மட்டும் ஏன் அப்படி ஓடியது? அருகிலேயே பர்மா தேக்கு உத்திரங்கள் இருப்பதால், தீத்தடுப்பு வண்ணம் பூசினால் போதுமா, தகட்டையே எடுத்துவிட வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

ரெசின் பட்டறை, காரைக்குடி

ஆச்சி, விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. கண்ணாடி இழை எரியாது. ஏறத்தாழ 840 டிகிரி செல்சியசில்தான் இளகவே தொடங்கும். ஆனால் இந்த வகைத் தகட்டில் கண்ணாடியின் பங்கு எடையில் 30 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். மிச்சமெல்லாம் இழைகளைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிளாஸ்டிக் பிசின். அது 300 முதல் 400 டிகிரிக்குள் சிதைந்து, ஸ்டைரீன் என்ற எரியக்கூடிய வேதிப்பொருள் உள்ளிட்ட ஆவிகளை வெளியேற்றும். தீப்பிடிப்பது அந்த ஆவிதான். நீங்கள் கண்ட கரும்புகைக்கும் ஸ்டைரீனே பெரிய காரணம். எடைக்கு எடை பார்த்தால் இந்த ரெசின் காய்ந்த விறகைவிடக் கூடுதலான வெப்பத்தைத் தரும்.

தகட்டின் தடிமன் எவ்வளவு? மேற்பரப்பைத் தொட்டால் வழவழப்பாக இருக்கிறதா, கையில் முள்ளாகக் குத்துகிறதா?

இரண்டாங்கட்டு ஆச்சி

தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கலாம். வெயில் படும் பக்கம் மங்கி, நன்றாகக் குத்துகிறது. அடிப்பக்கத்தில் சமையல் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கின்றன. நெளிவுகள் சரிவை ஒட்டி மேலிருந்து கீழாக ஓடுகின்றன.

இயந்திரவியல் ஆசிரியர், காரைக்குடி

உங்கள் கேள்விக்கு வேண்டிய விடை, நீங்கள் சொன்ன இந்த விவரங்களிலேயே பெரும்பாலும் இருக்கிறது. தீ பரவுவதென்றால், எரியும் இடத்தை அடுத்துள்ள எரியாத பகுதி சூடேறி, ஆவி விடும் நிலைக்கு வருவதுதான். தரையில் படுத்த தகட்டில் சுடர் நேராக மேலெழுந்துவிடுவதால், முன்னால் உள்ள பகுதியில் சில மில்லிமீட்டர் அகலம் மட்டுமே சூடேறுகிறது; வெப்பத்தின் ஒரு பகுதியைத் தரையும் உறிஞ்சிக்கொள்கிறது. சரிவான தகட்டின் அடியில் தீப்பிடித்தால், சுடர் அடிப்பரப்பைத் தழுவிக்கொண்டே மேட்டை நோக்கி நீள்கிறது. எரியும் பரப்பு கூடக் கூடச் சுடரும் நீள்வதால், வேகம் ஒரே அளவில் நில்லாமல் கூடிக்கொண்டே போகும். நெளிவின் பள்ளங்கள் சரிவை ஒட்டி ஓடினால், சூடான வாயு பக்கவாட்டில் சிதறாமல் அவற்றின் வழியே செல்லவும் இடமுண்டு.

தகட்டின் மெல்லிய தன்மையும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர்த் தகட்டின் முழுத் தடிமனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சூடாகிவிடும். பல மில்லிமீட்டர் தடிமனான ஃபைபர் தொட்டியின் சுவரில் மேலடுக்கு ரெசின் எரிந்தபின் மிஞ்சும் வெற்றுக் கண்ணாடி இழைப் படலம், உள்ளே இருக்கும் ரெசினுக்கு வெப்பம் செல்வதை ஓரளவு தடுக்கிறது. அங்கே தீ நாளடைவில் மந்தமாவதும் உண்டு. உங்கள் தகட்டில் அப்படிக் காப்பாற்றிக்கொள்ள உள்ளடுக்கே இல்லை.

இழையின் வகையும் திசையும் பரவலை மாற்றும். கார்பன் இழை கண்ணாடியைவிடப் பல மடங்கு நன்றாக, அதுவும் தன் நீளவாக்கில், வெப்பத்தைக் கடத்துவதால், கார்பன் இழையும் ரெசினும் சேர்ந்த கலப்புப் பொருளில் இழை ஓடும் திசையைப் பொறுத்துத் தீயின் வேகம் வேறுபடும். உங்கள் தகட்டில் நறுக்கிய கண்ணாடி இழைகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அந்த வி-0 தாளைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். வி-0 என்பது யு.எல். 94 என்ற தீச்சோதனையில் தரும் தரக்குறி. அந்தச் சோதனையில் 125 மில்லிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட சிறு பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, சிறு சுடரை 10 நொடி வீதம் இரண்டு முறை காட்டுவார்கள். அது உபகரணங்களில் வரும் பிளாஸ்டிக் பாகங்களுக்காக ஏற்பட்டது. குறுகிய பட்டையில் சுடர் மெல்லியது, வெப்பம் விளிம்புகளில் வீணாகிவிடும். அகன்ற தகட்டில் சுடர் தடித்து, அதன் கதிர்வீச்சே முன்பகுதியைச் சூடாக்கிவிடும். கட்டடப் பொருளுக்கு ஏ.எஸ்.டி.எம். இ 84 போன்ற சோதனையின் முடிவைக் கேட்டிருக்க வேண்டும். அதில் ஏறத்தாழ 7.3 மீட்டர் நீள மாதிரியைச் சுரங்கம் போன்ற உலையின் கூரையாகப் பொருத்தி 10 நிமிடம் தீயைக் காட்டுகிறார்கள்; தீப்பரவல் எண் 25-க்குள் இருந்தால் முதல் வகுப்பு. தரையில் வைத்துப் பார்க்கும் துண்டும் இதே காரணத்தால் கூரையைப் பற்றி எதுவும் சொல்லாது. உங்கள் தாள் இதே தகட்டுக்குரியதுதானா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், தேவகோட்டை

மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றியது தகட்டுக்குச் சரியான மருந்துதான். ஆனால் கீழே கொதிக்கும் எண்ணெய் இருந்ததை மறக்கக் கூடாது. சட்டியை மூடியிராவிட்டால், அந்தத் தண்ணீர் எண்ணெயில் விழுந்து தீயை வளவு முழுவதும் இறைத்திருக்கும். அந்தச் சமையல்காரரை நீங்கள் மறக்காமல் பாராட்ட வேண்டும்.

இன்னொன்று: பாலிகார்பனேட் தகடு சூட்டில் இளகித் தொய்ந்து ஓட்டை விழுவதால் புகை வெளியேற வழி கிடைப்பதுண்டு. இந்தத் தகடு உருகாது; ரெசின் எரிந்த பின்னும் இழைப் பாய் இருந்த இடத்திலேயே தொங்கிப் புகையை வளவுக்குள் நிறுத்தும். நம் வீடுகளில் கட்டுக்குக் கட்டு கதவு திறந்தே கிடப்பதால் அந்தப் புகை முகப்பு வரை வரும். ஆர்க்லா என்ற நார்வே கண்ணிவெடி அகற்றும் கப்பல் 2002-இல் தீப்பற்றி மூழ்கியது. அதன் உடலும் இழைக்கலப்புப் பொருள்தான். சுற்றிலும் கடல் நீர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டாங்கட்டு ஆச்சி

மிக்க நன்றி. அப்படியானால் வண்ணம் பூசுவதால் பயனே இல்லையா? வெளிச்சம் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் வீட்டாரின் விருப்பம்.

ரெசின் பட்டறை, காரைக்குடி

சூட்டில் உப்பிக் கரியடுக்காக மாறும் வண்ணங்கள் உண்மையாகவே வேலை செய்யும், ஆச்சி. ஆனால் அவை ஒளியை மறைக்கும். பிசுக்கும் உதிரும் இழையும் உள்ள பரப்பில் சரியாகப் பிடிக்கா. உங்கள் தகட்டில் வெயில் ரெசினைத் தின்று இழையை வெளியே விட்டிருக்கிறது. அதன்மேல் எதைப் பூசினாலும் உரிந்துவரும். புதிதாக வார்க்கும்போது அலுமினியம் டிரைஹைட்ராக்சைடு தூளைக் கலந்தால், அது ஏறத்தாழ 200 டிகிரியில் நீராவியை விட்டு வெப்பத்தை விழுங்கும். ஆனால் போதிய அளவு கலந்தால் தகடு பால்நிறமாகிவிடும். ஹாலோஜன் (குளோரின், புரோமின் போன்றவை) கலந்த ரெசினில் ஒளி நிற்கும், தீயும் தயங்கும். பற்றிக்கொண்டால் வரும் புகை இன்னும் கொடியது. மரம் நிறைந்த வீட்டுக்குள் அதை நான் போட மாட்டேன்.

என் கருத்து, அடுப்பு வைக்கும் பக்கத்திலும் உத்திரத்தை ஒட்டிய வரிசையிலும் இந்தத் தகட்டை எடுத்துவிட்டு இரும்புத் தகடு போடுங்கள். நடுவில் வெளிச்சத்துக்குக் கம்பி வலை பதித்த கண்ணாடி வைக்கலாம். செலவு கூடும், சட்டத்தின் பலத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். வேலை முடியும்வரை பலகாரம் சுடுவதைப் பின்கட்டின் திறந்த வெளிக்கு மாற்றிவிடுங்கள்.

தகட்டை அறுப்பவரிடம் கிரைண்டரால் உலர்வாக அறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் தெளித்து, முகமூடியும் முழுக்கைச் சட்டையும் அணிந்து அறுக்கட்டும். எரிந்த பகுதியில் ரெசின் போய் இழை மட்டும் இருப்பதால், தொட்டாலே பொடிந்து காற்றில் பறக்கும். அதை முதலில் ஈரத்துணியால் மூடிக் கழற்றுவது நல்லது.