கீமோ முடிந்த 12-ஆம் நாள் வந்த காய்ச்சல்

அப்பாவுக்கு ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். இரண்டாவது சுற்று கீமோ முடிந்து வீட்டில் இருந்தார். 12-ஆம் நாள் ராத்திரி 11 மணிக்கு உடம்பு சுடுகிறது என்றார். தெர்மாமீட்டரில் 100.8. இருமல் இல்லை, சளி இல்லை. பாராசிட்டமால் கொடுத்தேன், 99-க்கு இறங்கியது, தூங்கப் போய்விட்டோம். நான் செய்த பெரிய தப்பு அது.

விடியற்காலை 4 மணிக்குக் கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "வைரல் ஃபீவரா இருக்கும், உட்காருங்க" என்றார்கள். முக்கால் மணி நேரம் போய்விட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி, "கீமோ போய்க்கிட்டிருக்கு சார், வெள்ளணு கவுண்ட் இறங்கியிருக்கும்" என்று சொன்ன பிறகுதான் டூட்டி டாக்டர் எழுந்து வந்தார். அதற்குள் பிபி 80/50.

கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளணுவான நியூட்ரோபில் வெறும் 90. அது 500-க்குக் கீழே போனாலே ஆபத்து. சீழ் பிடிக்கக்கூட அந்த வெள்ளணுக்கள் வேண்டும். அவை இல்லாதபோது உடம்பு காட்டும் ஒரே அடையாளம் பல சமயம் காய்ச்சல்தான். அதைத்தான் நான் மாத்திரை கொடுத்து மறைத்துவிட்டேன். மருந்து ஏற்றக் கையில் போட்டிருந்த பிக் லைன் குழாயிலிருந்தும் இன்னொரு கையிலிருந்தும், என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திராமல் பைப்பெராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். நோயாளி வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போய்விட வேண்டுமாம்.

மறுநாள் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. அடுத்த நாள், அந்த மருந்துக்கு அடங்காத ரகம் என்று தெரிந்து மெரோபெனெமுக்கு மாற்றினார்கள். கீமோவில் குடலின் உள்தோல் புண்ணாகி, அங்கே இருந்த கிருமியே ரத்தத்தில் கலந்திருக்கும் என்று டாக்டர் விளக்கினார். அதுவரை அம்மா, தான் கொடுத்த இளநீர்தான் காரணம் என்று நொந்து போயிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

மெரோபெனெம் தொடங்கி மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கவுண்ட் 500 தாண்டும்வரை மருந்தை நிறுத்தவில்லை.

* * *

உங்கள் பதிவைப் படிக்கும்போதே நெஞ்சு பதறியது தம்பி. என் மகளுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோய், மண்ணீரலை எடுத்தாயிற்று. ரத்தத்தில் புகும் நிமோகாக்கஸ் மாதிரியான கிருமிகளை வடிகட்டுவதே மண்ணீரல்தான், அதனால் ஆபரேஷனுக்கு முன்பே தடுப்பூசி போட்டார்கள். தினம் இரண்டு வேளை பென்சிலின் மாத்திரையும் உண்டு. அப்படியும் காய்ச்சல் என்றால் எந்த நேரமானாலும் கிளம்பிவிடுவோம். அவளுடைய பள்ளி டைரியின் முதல் பக்கத்தில், "மண்ணீரல் இல்லை, காய்ச்சல் வந்தால் உடனே போன் செய்யவும்" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.