உதவி: பின்டரஸ்ட்டில கண்ட மான், செய்தது ஆர்? கட்டத்தில போட்டா கால் ஏன் கோணுது?

ஊசிநூல் (வெள்ளவத்தை)

வணக்கம். ரெண்டு விசயத்தில மாட்டுப்பட்டு நிக்கிறன்.

நித்திரை வராத ராத்திரியில பின்டரஸ்ட்டில கைவேலைப் படங்கள் பாக்கிறது என்ர பழக்கம். மூண்டு கிழமைக்கு முந்தி ஒரு மான் கண்ணில பட்டது. ஒரு கதிரை முதுகில போட்ட விரிப்பு. மண்நிறத் தளத்தில கறுப்பும் சிவப்பும். மான் முழுக்கப் படிபடியா நெய்திருக்கு, கொம்பு ரெண்டு பக்கமும் படிக்கட்டு மாதிரி ஏறுது. கீழ 'நோர்டிக் டிசைன்' எண்டு போட்டிருக்கு. லிங்கை அமத்தினா அந்தப் பக்கமே இல்லை. இதைச் செய்தது ஆர், எந்த நாட்டு வேலை எண்டு அறியவேணும்.

மற்றது, சிநேகிதியின்ர கலியாணத்துக்குக் குடுக்க ஒரு துணிப்பையில இந்த மானைக் குரொஸ் ஸ்டிச்சா (பெருக்கல் குறித் தையல்) போட ஆசை. படத்தைத் தையல் கட்டமா மாத்தித் தாற ஸ்டிச் ஃபிடில் தளத்தில ஏத்தினன். 61 நிறம் காட்டுது! நிறத்தை 4 ஆக்கினன், அப்பவும் ஒரு கால் மொத்தம், மற்றக் கால் மெல்லிசு. கொம்பு எலி கடிச்ச பாய் மாதிரி. கையில இருக்கிறது 14 கவுண்ட் ஐடா துணி (அங்குலத்துக்கு 14 கட்டம்). எங்க பிழைக்குது?

பொறியன் (தெஹிவளை)

அக்கா, ஆளைத் தேடுறதை முதல் பாப்பம்.

படத்தைக் குடுத்துத் தேடுறதுக்குக் கூகுள் லென்ஸ், டின்ஐ எண்டு ரெண்டு இருக்கு, ரெண்டும் ஒரே வேலை செய்யிறேல்லை. லென்ஸ் அதுபோல இருக்கிறதைத் தேடித் தரும். டின்ஐ அதே படத்தின்ர பிரதிகளை மட்டும் தேடும், வெட்டினதோ சின்னதாக்கினதோ எண்டாலும் பிடிக்கும். உங்களுக்கு வேண்டியது டின்ஐ. முடிவு வந்த பிறகு பழையது முதலில வாற மாதிரி அடுக்குங்கோ. அங்க காட்டுற திகதி டின்ஐ அந்தப் படத்தை முதல் கண்ட திகதிதான், படம் எடுத்த திகதி எண்டு எடுத்திடாதீங்கோ. பக்கம் செத்திருந்தா லிங்கைக் கொப்பி பண்ணி, பழைய இணையப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷினில ஒட்டிப் பாருங்கோ.

லென்ஸுக்கு முழுப் படத்தையும் குடுத்தா கதிரையைத்தான் தேடும். மானை மட்டும் வெட்டிக் குடுங்கோ.

ஊசிநூல்

நீங்கள் சொன்னது அச்சொட்டாச் சரி தம்பி, எனக்கு முதல் வந்தது கதிரைக் கடைகள்தான்! மானை மட்டும் வெட்டினா நோர்வே ஸ்வெட்டர். டின்ஐயில நிறையப் பிரதி வந்தது. எல்லாத்திலயும் பழசின்ர கோப்புப் பேரில 'தும்பர' எண்டு ஒரு சொல். அந்தப் பக்கமும் இல்லை, வேபேக்கில எழுத்து மட்டும் பாதி கிடக்கு. தும்பர எண்டா என்ன? ஊர்ப் பேரோ?

மலைக்காற்று (கண்டி)

அக்கா, நோர்வேயும் இல்ல ஒண்ணும் இல்ல. இது எங்க பக்கத்துச் சாமான்!

தும்பர ரட்டா கலால, அதாவது தும்பரப் பக்கத்துக் கோலப் பாய். கண்டிக்குப் பக்கத்துல, குண்டசாலைப் பக்கம் ஹேனவலன்னு ஒரு ஊர். அங்க பரம்பரையா நெய்றாங்க. ஹணன்னு கற்றாழை மாதிரி ஒரு செடி, அந்த நாரைச் சீவி, காயவெச்சு, சாயம் போட்டு, தரையோட தரையா இருக்கிற தறியில நிலத்துல உட்காந்து நெய்வாங்க. பழைய முறையில மஞ்சளுக்கு மரமஞ்சள், சிவப்புக்குச் சிங்களத்துல பதங்கின்னு சொல்ற கட்டை. மான், யானை, பாம்பு, பறவை எல்லாம் வரும். 2021ல யுனெஸ்கோ மரபுப் பட்டியல்லயும் சேர்த்தாங்க.

நம்ம ஊர்ப் பாயைப் பார்க்க நோர்வே சுத்தி வந்திருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, சிரிப்பு வந்துருச்சு.

ஊசிநூல்

கோவமில்லை, வெக்கம்தான். லக்சல கைப்பணிக் கடையில இப்பிடி ஒண்டு தொங்கினதை எத்தினை தரம் தாண்டிப் போயிருப்பன்.

பொறியன்

நெய்ததெண்டு தெரிஞ்சா ரெண்டாவது பிரச்சினையும் விளங்குது. ஸ்டிச் ஃபிடில் படத்தின்ர மேல சதுரக் கட்டம் போடுது. ஆனா பாயில ஒரு படி சதுரமா? குறுக்கால ஒண்டு, நெடுக்க ஒண்டு எண்டு நாரும் நூலும் ஓடுது, ரெண்டும் ஒரே தடிப்பா இருக்கச் சான்ஸ் இல்லை. படி செவ்வகமா இருந்தா ஒரு படிக்கு ஒருக்கா ஒரு கட்டம் விழும், அடுத்த முறை ரெண்டு விழும். ஒரு கால் மொத்தம், ஒண்டு மெல்லிசு வாறதுக்கு அதுதான் காரணம். 61 நிறம் வந்தது நாரின்ர நிழலால.

செய்யவேண்டியது: படத்தை, படம் திருத்துற போட்டோபீயில திறவுங்கோ. பிரவுசரிலயே ஓடும், காசில்லை, 2013ல ஒற்றை ஆள் தொடங்கின வேலை. அதில சரிஞ்ச படத்தை முதல் நேராக்குங்கோ. பிறகு கணினியை விட்டிட்டு, பெருப்பிச்சு வைச்சு, குறுக்கால எத்தினை படி, நெடுக்க எத்தினை படி எண்டு விரலால எண்ணுங்கோ. அந்த எண்ணிக்கையை இங்க போடுங்கோ.

ஊசிநூல்

எண்ணினன். மூக்கிலயிருந்து வால் வரைக்கும் 30. குளம்பிலயிருந்து கொம்பு நுனிவரை 40. நேற்று மத்தியானம் தர்ஸ்டன் வீதி லக்சலவுக்கும் போனன். அதே மான் இல்லை, ஆனா அந்தக் குடும்பம்தான், சுவரில தொங்கவிடுறது. அங்க நிண்ட பிள்ளையிட்டக் கேட்டு அடிமட்டம் வைச்சு அளந்தன் (அவ என்னைப் பாத்த பார்வை!). குறுக்கால 10 படி 4 செ.மீ., நெடுக்க 10 படி 3 செ.மீ. தம்பி சொன்னது சரி, சதுரமில்லை. பின்பக்கமும் திருப்பிப் பாத்தன், தொங்குற நூலில்லை. என்ர குரொஸ் ஸ்டிச்சின்ர பின்பக்கத்தை அம்மா பாத்தா அடிப்பா.

பொறியன்

அளவு கொண்டுவந்தீங்களே, இனி லேசு. உங்கட மானும் அந்தக் கணக்கெண்டா 30 படி 12 செ.மீ., 40 படியும் 12 செ.மீ. உண்மையில அகலமும் உயரமும் சமன். ஆனா ஐடா துணியில 30க்கு 40 எண்டு போட்டா ஒட்டகச்சிவிங்கி ஆயிடும். அகலத்தில 10 வரிசை கூட்டி 40 ஆக்கவேணும்.

இதை மட்டும் எந்த டூலிட்டயும் குடுக்காதீங்கோ. அது மூண்டுக்கு ஒண்டு எண்டு கண்ணை மூடிக்கொண்டு கூட்டும், கால் திரும்பவும் கோணும். ஸ்டிச் ஃபிடிலில வெறும் கட்டம் திறந்து கையால வரையுங்கோ. கூட்டுற வரிசையை வயிற்றிலயும், கால்களுக்கு இடைப்பட்ட வெளியிலயும், கழுத்துத் திரும்புற இடத்திலயும் போடுங்கோ. காலிலயும் கொம்பு நுனியிலயும் கை வைக்கவேண்டாம். 14 கவுண்டில 40 தையல் எண்டா 7 செ.மீ. சொச்சம். முகம் பாத்தபடி ரெண்டு மான், நடுவில ஒரு இடைவெளி, ஒரு பைக்குக் காணும்.

கொட்டாஞ்சேனை மாமி

பிள்ளை, நல்லா வந்தா நாலு பேர் கேப்பாங்க. வித்துக் காசாக்கிறதா இருந்தா யோசிச்சுச் செய். அதுதான் அவங்கட சோறு.

ஊசிநூல்

மாமி, கேட்டாச்சு. ஒப்பீஸில ஒராள் 10 பை வேணுமாம். இன்னும் பதில் சொல்லேல்லை. கலியாணப் பரிசு வேற, 10 பை வேற எண்டுதான் எனக்கும் படுது.

மலைக்காற்று

ஒரு யோசனை. அந்த 10 பையை நீங்க தைக்காதீங்க, ஹேனவலவுல நெய்ற பையே இருக்கு, அதை வாங்கிக் குடுங்க. கண்டிப் பக்கம் வந்தா நேரா போயே எடுக்கலாம். கலியாணப் பையில ஒரு துண்டு வெச்சு, கோலம் தும்பரவோடதுன்னு எழுதிருங்க. அந்த பின்டரஸ்ட் படத்துக்குக் கீழயும் போய்ச் சொல்லிட்டு வாங்க.

ஊசிநூல்

ஒப்பீஸுக்கு அப்பிடியே சொல்லிட்டன், பைக்குப் பதிலா பாய் வாங்கவும் ஆசையாம். படத்துக்குக் கீழயும் எழுதியாச்சு, இன்னும் ஒருத்தரும் பாக்கேல்லை.

தையல் நிலைமை: நூல் புறக்கோட்டையில எடுத்தன், கறுப்பு, கருஞ்சிவப்பு, ஒரு மண்நிறம். 61 எங்க, 3 எங்க! முதல் மான் முடிஞ்சுது, ரெண்டு காலும் ஒரே மொத்தம். ரெண்டாவதின்ர கொம்பில ஒரு கட்டம் தள்ளிப்போச்சு, ராத்திரி கரண்ட் போன நேரம் எண்ணினது. இப்ப பிரிச்சுக்கொண்டிருக்கிறன்.