ஜாய்கானைக் கையில் பிடித்து நிஜமாகவே குத்தி டெக்கன் ஆட முடியுமா?

கொருக்குப்பேட்டை_கீப்பர்:

சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த மாமா தன் பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷினை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஜாய்கான் இரண்டும், அதாவது கைக்கு ஒன்றாகப் பிடிக்கிற அதன் குட்டி கன்ட்ரோலர்கள், நல்ல நிலையில் இருக்கின்றன, ஆனால் கேம் என்று பார்த்தால் ஒரே ஒரு கார் ரேஸ்தான் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் டெக்கன் 8 என்ற சண்டைக் கேம் இருக்கிறது. டெக்கனில் நாலு பட்டன், இடது கை, வலது கை, இடது கால், வலது கால் என்று நேராகவே வைத்திருக்கிறார்கள் இல்லையா, அப்படியானால் இடது ஜாய்கானால் குத்தினால் இடது கைக் குத்து, வலதால் குத்தினால் வலது என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ப்ளூடூத்தில் இணைத்து, குலுக்கினால் பட்டன் அழுந்துகிற மாதிரி ஒரு இலவச மென்பொருளில் மேப்பும் செய்தேன்.

நடந்தது என்னவென்றால், ஒரு குத்து விட்டால் திரையில் இரண்டு, சில நேரம் மூன்று விழுகிறது. இடது கையை நீட்டும்போதெல்லாம் கட்டைவிரல் ஸ்டிக்கை முன்னால் தள்ளிவிடுகிறது, என் ஆள் ஓடிப்போய் எதிராளி மடியில் விழுகிறான். தம்பி சாதாரண கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு, ஒரு கையில் பஜ்ஜியோடு, என்னை வரிசையாக ஒன்பது மேட்ச் அடித்தான். பத்தாவது மேட்ச்சில் ஜாய்கான் கையை விட்டுப் பறந்து பீரோ கண்ணாடியில் பட்டது. மூலையில் ஒரு விரிசல். அங்கே முருகர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

இது செட்டிங் பிரச்சினையா, இல்லை இந்த யோசனையே தப்பா? கண்ணை மூடி மாட்டுகிற வி.ஆர். ஹெட்செட் வாங்கினால் சரியாகுமா? ரூம் பத்துக்குப் பத்து, அதில் பீரோவும் கட்டிலும் போக மிச்சம்தான் எனக்கு.

பேசின்பிரிட்ஜ்_பைட்:

ப்ரோ, பாதி செட்டிங் தப்பு. மீதிப் பாதி யார் செய்தாலும் அப்படித்தான் வரும்.

ஜாய்கானுக்குள் அசைவு பார்க்க இரண்டு சென்சார் இருக்கின்றன. ஆக்சிலரோமீட்டர், வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்று பார்க்கும். ஜைரோ, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்க்கும். உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது என்பது இரண்டுக்குமே தெரியாது. நீங்கள் குத்தும்போது கை கிளம்புகிற இடத்தில் ஒரு உதறல், நீண்டு போய் நிற்கிற இடத்தில் எதிர்த்திசையில் இன்னொரு உதறல், திரும்ப இழுக்கும்போது மறுபடியும். குலுக்கினால் பட்டன் என்று மட்டும் சொல்லி வைத்தால் அது பாவம் எல்லாவற்றையும் குத்தாக எண்ணிக்கொள்ளும். ஒன்று பதிவானதும் கால் செகண்ட் எதையும் கண்டுகொள்ளாதே என்று இடைவெளி வையுங்கள், இரட்டைக் குத்து நின்றுவிடும். ஆனால் ஒரே கையால் அடுத்தடுத்து வேகமாகக் குத்தினால் இரண்டாவதை முழுங்கிவிடும், அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சரியாகாத பாதி இதுதான். டெக்கன் செகண்டுக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம். சாதாரண ஜேப், அதாவது சின்ன நேர்க் குத்து, 10 ஃப்ரேமில் எதிராளி மேல் விழும், அதாவது ஒரு செகண்டில் ஆறில் ஒரு பங்கு. நேற்று ராத்திரி போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, 60 ஃப்ரேமில் என்னை நானே வீடியோ எடுத்து எண்ணிப் பார்த்தேன், தோளிலிருந்து என் கை முழுதாக நீள 12, 13 ஃப்ரேம் ஆகிறது. என் கை போய்ச் சேர்வதற்குள் உங்கள் தம்பி பட்டனைத் தட்டி, அவன் குத்து விழுந்தே முடிந்திருக்கும். கை கிளம்பிய உடனேயே பதிவு செய்துகொள் என்று மென்பொருளுக்குச் சொல்லலாம், ஆனால் நேர்க் குத்தா, வளைத்து அடிக்கிற ஹூக்கா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னால் கை கொஞ்ச தூரம் போகும்வரை அது காத்திருந்தே ஆக வேண்டும். பட்டனுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. டெக்கனில் வரும் கசுயாவின் 'எலக்ட்ரிக்' குத்து மாதிரி ஒரே ஃப்ரேமில் திசையும் குத்தும் சேர வேண்டிய வித்தையெல்லாம் கை வீச்சில் மறந்துவிடுங்கள்.

அப்புறம் கால்? உதைக்கு என்ன செய்தீர்கள் என்று சொல்லவே இல்லையே.

கொருக்குப்பேட்டை_கீப்பர்:

உதை பட்டனில்தான். ஒரு ஜாய்கானைக் காலில் கட்டலாமா என்று யோசித்தேன், கீழ் வீட்டுத் தாத்தாவை நினைத்து விட்டுவிட்டேன்.

காயலான்கடை_கன்சோல்:

தம்பி, இந்த ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1993-லேயே சேகா கம்பெனிக்காரர்கள் ஆக்டிவேட்டர் என்று ஒன்று விட்டார்கள். தரையில் எட்டுப் பக்க வளையம், நடுவில் நின்று கை காலை வீசி இன்ஃப்ராரெட் கதிரை மறித்தால் பட்டன் அழுந்தும், அவ்வளவுதான். ஆடியவர்கள் பட்ட பாடு சண்டைக் கேமில் அடிவாங்கியதை விட அதிகம். 2006-ல் நின்டெண்டோவின் வீ கேம் மெஷின் வந்தது, அதன் குத்துச்சண்டையில் ரிமோட் ஒரு கையில், நன்சக் என்ற துணைக் கன்ட்ரோலர் மறு கையில். அந்த ரிமோட்டில் முதலில் ஜைரோவே கிடையாது, 2009-ல் தனியாக ஒரு மோஷன் பிளஸ் துண்டைச் செருகச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று வியர்க்க வியர்க்கக் குத்துவேன், என் அக்கா கட்டிலில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் ஆட்டி நாக்அவுட் செய்வாள். பைட் சொன்னதுதான் காரணம், அதற்குத் தெரிவது உதறல் மட்டும், உங்கள் உழைப்பு தெரியாது.

2010-ல் எக்ஸ்பாக்ஸுக்குக் கினெக்ட் கேமரா. கையில் எதுவுமே வேண்டாம், கேமராவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஒருவர் ஆட ஆறடி, இருவர் என்றால் எட்டடி தள்ளி நிற்க வேண்டும். நம் ஏரியா வீட்டில் எட்டடி தள்ளிப் போனால் எதிர்வீட்டு வாசலில் நிற்போம். அதற்கென்றே ஃபைட்டர்ஸ் அன்கேஜ்ட் என்று ஒரு சண்டைக் கேம் வந்து விமர்சகர்களிடம் செம மொத்து வாங்கியது.

வி.ஆர். வேறு ஜாதி, அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஹெட்செட்டின் கேமராக்கள் கன்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் கை எங்கே இருக்கிறது என்பது நிஜமாகவே தெரியும். த்ரில் ஆஃப் த ஃபைட் ஆடிப் பாருங்கள், மூன்று ரவுண்டில் நுரை தள்ளும். ஆனால் அது பாக்சிங், டெக்கன் கிடையாது. தவிர இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலியிடம் வேண்டும். கண்ணையும் மூடிக்கொண்டு உங்கள் பீரோ பக்கத்தில் நிற்காதீர்கள், முருகர் ஒருவர் போதாது, ஆறுபடை வீடும் ஒட்ட வேண்டி வரும்.

கார்டை_ஏத்து:

நான் கேம் ஆடுவதில்லை, என் பையன் இந்தப் பக்கத்தைக் காட்டியதால் எழுதுகிறேன். வியாசர்பாடியில் பத்து வருஷம் கிளவுஸ் மாட்டியவன்.

தம்பி, காற்றில் முழுக் கையையும் வீசிக் குத்தாதே. பையில் குத்தும்போது பை உன் கையை நிறுத்தும், காற்றில் நிறுத்துவது உன் முழங்கை மூட்டு. நூறு குத்து அப்படிப் போட்டால் மறுநாள் சாப்பிடக் கை வாய்க்கு வராது. ஷேடோ பாக்சிங்கில் எங்களுக்குச் சொன்னது, கை முழுதாக நீள்வதற்குக் கொஞ்சம் முன்பே இழுத்துவிடு, போகிற வேகத்தை விட வருகிற வேகம் அதிகம் இருக்கட்டும். முஷ்டியை வழியெல்லாம் இறுக்கிப் பிடிக்காதே, கடைசியில் மட்டும். உன் கன்ட்ரோலர் பறந்ததற்குக் காரணம் ஈரக் கை. வார் கொடுத்திருப்பார்களே, மணிக்கட்டில் மாட்டு. நம் ஊர் புழுக்கத்தில் வார் இல்லாமல் இந்த வேலைக்கே இறங்காதே.

1980-ல் முகமது அலி நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டார். என் அப்பா ராயபுரத்திலிருந்து போய்ப் பார்த்தார். அலி குத்தியதைப் பற்றி அவர் சொன்னதே இல்லை, கால் வைத்ததைப் பற்றித்தான் சாகும்வரை சொன்னார். உன் கருவி காலைப் பார்க்காது என்றால் அதில் பாக்சிங் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நூடுல்ஸ்கை:

அண்ணன் சொல்வது நியாயம், ஆனால் ஸ்விட்சை வைத்துக்கொண்டு ஏன் எல்லாரும் டெக்கனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்? ஆர்ம்ஸ் என்று ஒரு கேம் இருக்கிறது, 2017-ல் நின்டெண்டோவே விட்டது. அதில் ஆட்களின் கை ஸ்பிரிங் மாதிரி நீண்டு போய் அடிக்கும். அந்தக் கை மைதானத்தைக் கடந்து போய்ச் சேரவே நேரம் எடுக்கும், அதனால் உங்கள் கையின் தாமதம் ஆட்டத்தோடு கலந்துவிடும். குத்து பறந்துகொண்டிருக்கும்போதே மணிக்கட்டைத் திருப்பினால் குத்தும் வளைந்து போகும். இதைப் பட்டனில் செய்வதை விடக் கையில் செய்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நான் சண்டைக் கேமில் மோஷனுக்குப் பரிந்து பேசுவது இந்த ஒன்றுக்குத்தான்.

பிடி முக்கியம். கட்டைவிரலைத் தூக்கி 'சூப்பர்' என்று காட்டுவோமே, அந்த மாதிரி இரண்டு கையிலும் பிடிக்க வேண்டும், பாய்வதும் குதிப்பதும் பட்டன்களில். நகர ஸ்டிக் கிடையாது, இரண்டு ஜாய்கானையும் போக வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும், அதனால் உங்கள் கட்டைவிரல் பிரச்சினையும் போயிற்று. இரண்டையும் உள்பக்கம் சாய்த்தால் கார்டு, அதாவது தடுப்பு. இரண்டு கையையும் ஒன்றாக நீட்டினால் பிடித்துத் தூக்கி வீசும், கார்டுக்குள் பதுங்குகிறவனுக்கு அதுதான் மருந்து. முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருக்கும், குத்த நினைத்தால் நகரும், நகர நினைத்தால் கார்டு போகும். எல்லாம் ஒரு சாணுக்கு மேல் கையை வீசுவதால் வருவது. சின்னதாக, மாவில் விரல் வைத்து எடுக்கிற மாதிரிச் சட்டென்று தள்ளி இழுங்கள். பாக்சர் அண்ணன் சொன்ன அதே விஷயம்தான்.

பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்ட் கிடைக்கிறதா பாருங்கள். ஜப்பான் கார்ட்ரிஜாக இருந்தாலும் ஓடும்.

கொருக்குப்பேட்டை_கீப்பர்:

எல்லாருக்கும் நன்றி. பர்மா பஜாரில் மூன்றாவது கடையில் ஆர்ம்ஸ் கிடைத்தது, கவர் இல்லை, கார்ட்ரிஜ் மட்டும். இடைவெளி வைத்த பிறகு டெக்கனிலும் இரட்டைக் குத்து நின்றுவிட்டது. தம்பி இப்போதும் அடிக்கிறான், ஆனால் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு அடிக்கிறான்.

ஆர்ம்ஸை ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்கு டி.வி.யைத் தூக்கிப்போய் எக்ஸ்டென்ஷன் போட்டு ஆடினோம். வார் மாட்டியிருந்தேன், இருந்தும் முதல் அரை மணி நேரம் நூடுல்ஸ்கை சொன்ன மாதிரியே நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. கையைச் சுருக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது. துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வந்த அப்பா சும்மா ஒரு ரவுண்டு என்று வாங்கியவர், இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிக் கார்டு வைத்து நின்றார். கேமில் அது கார்டாகவே பதிவாகவில்லை, சாய்த்தால்தானே பதிவாகும். அப்படியே நின்று ஏழெட்டுக் குத்து வாங்கிவிட்டு, மிஷின் சரியில்லை என்று தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

போனவர் சும்மா இருக்காமல் தலைசீவ பீரோ முன் நின்று, இங்கே எதற்கு முருகர் என்று ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டார். வண்ணாரப்பேட்டைப் பக்கம் பீரோ கண்ணாடி மாற்றுகிறவர் யாராவது தெரியுமா, எவ்வளவு கேட்பார்கள்?