போர் பில்லில் "2 இன்ச் தண்ணி": எந்தக் கணக்கு?

பாலக்கோடு பக்கம், தக்காளிக்குச் சொட்டுநீர். போர் 6½ இன்ச், 850 அடி, போன மார்ச்சில் போட்டது. பில்லில் "2 இன்ச் தண்ணி" என்று மட்டும் இருக்கிறது. 5 எச்பி மோட்டார் 600 அடியில், 1¼ இன்ச் பைப். 20 லிட்டர் பக்கெட் 20 விநாடியில் நிறைகிறது, நிமிடத்துக்கு 60 லிட்டர். அரை மணியில் காற்று வாங்கி விட்டு விட்டுக் கொட்டுகிறது.

மோட்டாரை 60 அடி இறக்கியாச்சு, செக் வால்வும் மாற்றியாச்சு. ஓடும் நேரம்தான் கொஞ்சம் கூடியது.

துளை, பைப், ஊற்று மூன்றுக்கும் இதே இன்ச்தான், தலைவலி! ஊற்றை வி-நாட்ச்சில் (தண்ணி வழிய V வடிவ வெட்டுள்ள தகடு) அளப்பார்கள்; 90 டிகிரி வெட்டில் வழியும் தண்ணி 2 இன்ச் உயரம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர். கேட் வால்வை ஒடுக்கினால் போதும். 60 டிகிரி என்றால் 29 லிட்டர்தான், சின்ன பம்ப் வேண்டும்.

நம்ம பக்கம் போர் வண்டிக்காரர்கள் எந்த நாட்ச்சில் அளக்கிறார்கள்?